யார் பணம், யார் கையில்?

காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரில் புர்சா மலேசியா திறக்கிறது. அந்த நேரம் பாரிட் புந்தாரின் சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி சானாய் வீச்சு இன்னும் ஓய்ந்திருக்காது. பேராக், பினாங்கு, கெடா மூன்று மாநிலங்களும் வந்து முட்டிக்கொள்ளும் ஊர் இது. ஒரு பக்கம் கெரியான் நெல்வயல், இன்னொரு பக்கம் செம்பனை. ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு, கொஞ்சம் வடக்கே போனால் பினாங்கின் நிபோங் திபால். இரவு ஷிப்டு முடிந்து பத்து காவான், பிறை தொழிற்சாலைகளிலிருந்து திரும்பிய இளைஞர்களும், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் ஒரே மேசையில் தே தாரேக் குடித்தபடி கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் பங்கு வாங்க வேண்டுமென்றால் பெரிய ஊருக்குப் போய் ரெமிசியர் என்ற பங்குத் தரகரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தொலைபேசியில் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது மேசையை விட்டு எழ வேண்டியதில்லை.

அந்தத் திரையைச் சற்று உற்றுப் பார்ப்போம். இரண்டு வரிசைகள். இடப்பக்கம் வாங்க நிற்பவர்கள், வலப்பக்கம் விற்க நிற்பவர்கள். நூறு பங்கு ஒரு லாட். ஏதோ ஒரு சின்ன நிறுவனத்தின் பங்கை 62 சென்னுக்கு வாங்க மூவாயிரம் லாட் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குத் தெம்பு வருகிறது. இவ்வளவு பேர் கீழே தாங்கிப் பிடிக்கும்போது விலை எங்கே விழப்போகிறது என்று 62.5 சென்னுக்கு அவர் இருபது லாட் வாங்குகிறார். அடுத்த நொடி அந்த மூவாயிரம் லாட் மறைந்துவிடுகிறது. யாரும் அவர்களிடம் விற்கவில்லை. ஆணை போட்டவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார், அல்லது அவருடைய கணினி எடுத்துக்கொண்டது. இருபது லாட் வாங்கியவர் இன்னும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

தனி மனிதரும் தொழில்முறை முதலீட்டாளரும் ஒரே களத்தில் நிற்பதாகச் சொல்கிறோம். களம் ஒன்றுதான். ஆனால் எதிரே நிற்பவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதை இந்தத் திரை சொல்வதில்லை.

சந்தையும் முன்பு போல் ஒரு பக்கமாக ஓடுவதில்லை. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது புதிய வரிகளை அறிவித்தார். ஒரே வாரத்தில் புர்சாவின் எஃப்பிஎம் கேஎல்சிஐ குறியீடு 1,400 புள்ளிகளுக்குச் சரிந்தது. வரியைத் தள்ளிவைக்கிறேன் என்று அவர் சொன்ன மறுநாள் மளமளவென்று ஏறியது. 2024-ல் இதே குறியீடு 1,454 புள்ளிகளிலிருந்து 1,642-க்கு உயர்ந்து, கிட்டத்தட்ட 13 விழுக்காடு லாபம் காட்டிய ஆண்டின் நடுவிலும், ஆகஸ்டு 5-ஆம் தேதி ஒரே நாளில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. அன்று தோக்கியோவின் நிக்கேய் 12 விழுக்காட்டுக்கு மேல் சரிந்த அதிர்ச்சி இங்கேயும் அடித்தது. பாரிட் புந்தாரில் உட்கார்ந்து பங்கு வாங்குபவர் தோக்கியோவின் வட்டி விகிதத்துக்கும் வாஷிங்டனின் பேச்சுக்கும் சேர்த்தே பந்தயம் கட்டுகிறார்.

இந்த வட்டாரத்துக்கும் பங்குச் சந்தைக்கும் உள்ள உறவு கைப்பேசியோடு பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெரியான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. கெரியானின் கூலா, கலும்போங் பெயர்களைத் தாங்கிய ரப்பர் நிறுவனமே இருந்தது. 1910-ல் லண்டனில் ரப்பர் பங்குப் பித்து தலைக்கேறியது. அந்த ஏப்ரலில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயா எங்கே இருக்கிறது என்று தெரியாத சாதாரண மக்களும் அங்கே மலாயாத் தோட்டப் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். விலை இறங்கியதும் கடைசியில் வாங்கியவர்களே மாட்டினார்கள். தோட்டத்தை உருவாக்கி நிறுவனமாக்கிப் பங்குகளை விற்றவர்கள் முன்பே லாபத்தை எடுத்திருந்தார்கள். மரம் சீவியவருக்கு இந்த ஏற்ற இறக்கம் எதிலும் பங்கில்லை. இறக்கத்தில் ஆட்குறைப்பு மட்டும் அவரைத் தேடி வந்தது.

அவர் கையிலும் ஒரு பங்குப் பத்திரம் வர அரை நூற்றாண்டு பிடித்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையும் போனது, லயத்து வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த நெருக்கடியில்தான். பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளித் தவணை. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. அன்றைய பால்வெட்டுச் சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி ஒதுக்குவது லேசான காரியமில்லை. ஆனால் போட்ட பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், காலையில் எழுந்து தன் காலடி நிலத்தைப் பார்த்தால் போதும். கூட்டுறவுச் சங்கம் என்பதால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. தன் பணத்தால் எதை வாங்கியிருக்கிறோம் என்று கண்ணால் பார்க்க முடிந்த முதலீடு அது.

அதற்கடுத்து வந்த கதையைப் பேசாமல், மலேசியத் தமிழர்களிடம் பங்கு என்ற சொல்லையே எடுக்க முடியாது.

1982-ல் மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா. முன்னின்று மைக்கா ஹோல்டிங்சைத் தொடங்கியது. இந்தியர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி நாட்டின் பெரிய தொழில்களில் பங்கு பிடிப்பது நோக்கம். அந்த நோக்கத்தில் எந்தத் தப்பும் இல்லை. பூமிபுத்ராக்களுக்கு 1978-ல் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனமும் 1981-ல் அமானா சஹாம் நேஷனலும் வந்துவிட்ட காலம். நமக்கென்று ஒன்று வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது. சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள், கடைநிலை ஊழியர்கள், சிறுவியாபாரிகள். தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களின் கதை பேராக் தோட்டப்புறங்களில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது.

தொடக்கத்தில் டிவி3 போன்ற நிறுவனங்களில் மைக்காவுக்குப் பங்கிருந்தது, காப்பீட்டு நிறுவனம் இருந்தது. 1990-ல் டெலிகோம் மலேசியா பட்டியலிடப்பட்டபோது மைக்காவுக்கு ஒரு கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. மைக்கா எடுத்துக்கொண்டது பத்து லட்சம். மீதி 90 லட்சம் பங்குகள் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது 1992-ல் வெளியே வந்து பெரும் சர்ச்சையாயிற்று. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. அத்தனை பங்குகளையும் வாங்க மைக்காவிடம் பணமில்லை என்பது அன்றைய ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு தந்த விளக்கம். மைக்கா கடைசிவரை பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவேயில்லை. என்னைக் கேட்டால், பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட மிகப் பெரிய அநீதி இதுதான். பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்திருந்தால், நம்பிக்கை போன அன்றே கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறியிருக்கலாம். வெளியேறும் கதவே இல்லாத வீட்டில் 66,000 பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலர் அந்தப் பத்திரத்தை மகனுக்கோ மகளுக்கோ விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

2010-ல் தொழிலதிபர் ஜி. ஞானலிங்கத்தின் ஜி டீம் நிறுவனம் பங்குக்கு 80 சென் தர முன்வந்தது. 28 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கு 80 சென். அதையும் வாங்கிக்கொண்டு பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இதே ஒரு வெள்ளி 1983 முதல் 2009 முடியும் வரை ஊழியர் சேமநிதியில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தந்த ஆண்டு அறிவித்த லாப ஈவை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்தரை வெள்ளிக்கும் மேல் வருகிறது. எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்கு 8.5 விழுக்காடு, அதன் பின் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை 8 விழுக்காடு, 2002-ல் 4.25 விழுக்காடு என்று ஏறியும் இறங்கியும் வந்த ஈவுதான். மைக்கா இடையில் கொடுத்த ஈவு எதையும் சேர்த்துக்கொண்டாலும் இந்த இடைவெளி அடைபடாது. இரண்டு இடத்திலும் பணத்தைப் பிறர்தான் நிர்வகித்தார்கள். ஒரு இடத்தில் சட்டமும் தணிக்கையும் ஆண்டுதோறும் வெளியிட்டே ஆகவேண்டிய கணக்கும் இருந்தன. இன்னொரு இடத்தில் தலைவர் மீதிருந்த மரியாதை மட்டும்தான் இருந்தது. நம் ஆட்கள் ஏமாந்தது சந்தை தெரியாததால் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்ததால் ஏமாந்தார்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு தோட்டப்புறத்துத் தமிழர்கள் பங்கு என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு விலகினார்கள். பணம் நகைக்கும் கூட்டு என்ற சீட்டுக்கும் போயிற்று. 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்திருந்தும் கூட்டுக் கட்டுவது ஓயவில்லை. கூட்டு எடுப்பவர் அடுத்த வீட்டுக்காரர், முகம் தெரிந்தவர் என்ற ஆறுதல். முகம் தெரிந்தவரே பணத்தோடு காணாமல் போன வழக்குகளும் நிறைய.

பிறகு வந்தது 2020.

கோவிட் பரவலைத் தடுக்க மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மறுநாள் கேஎல்சிஐ 1,219 புள்ளிகளில் முடிந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு ஏப்ரல் முதல் ஆறு மாதம் வங்கிக் கடன் தவணை கட்ட வேண்டாம் என்று சலுகை வந்தது. ஜூலையில் பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கி, நிரந்தர வைப்பில் போட்ட பணத்துக்குக் கிடைத்த வட்டியும் தேய்ந்தது. கையில் கொஞ்சம் பணம், நிறைய நேரம், பத்து நிமிடத்தில் திறக்கக்கூடிய இணையக் கணக்கு. 2019-ல் புர்சாவின் வர்த்தக மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருந்த சில்லறை முதலீட்டாளர்கள் 2020-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். அதே ஆண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நிகரமாக 2,400 கோடி வெள்ளிக்கும் மேல் விற்றுவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் விற்றதில் பெரும்பகுதியை வாங்கியவர்கள் தனி மனிதர்கள். அந்த ஆண்டு முடிவில் குறியீடு 1,627-ல் நின்றது. மார்ச்சில் பயந்து விற்ற தொழில்முறையாளர்களைவிட, துணிந்து வாங்கிய சாதாரணர்கள் அந்த ஒன்பது மாதத்தில் நன்றாகவே செய்தார்கள். இதை மறைக்கக் கூடாது. தொழில்முறையாளர் எப்போதும் ஜெயிப்பார் என்பது உண்மையில்லை.

ஆனால் கதை கையுறையில் போய் மாட்டியது. பால்மரக் காட்டின் பேரப்பிள்ளைகளுக்கு ரப்பர் கையுறை செய்யும் நிறுவனங்களின் பங்கு மீது தனிப் பற்று வந்தது வியப்பில்லை. ரப்பரால் நாம் வதைபட்டோம், அந்த ரப்பரால் நமக்குக் காசு வரட்டும் என்ற ஓர் உணர்ச்சி. பின்னால் வந்த போனஸ் பங்குகளைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், டாப் குளோவ் பங்கு 2020 தொடக்கத்தில் ஒன்றரை வெள்ளியை ஒட்டி இருந்தது. அக்டோபரில் ஒன்பது வெள்ளியைத் தாண்டியது. நிறுவனத்தின் லாபமும் பொய்யில்லை: 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் 787 கோடி வெள்ளி. லாபம் அந்த உச்சியில் நிற்கிறபோதே பங்கு இறங்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் புதியவர்களுக்குப் புரியாத புதிராக இருந்தது.

புதிருக்கு விடை எளிது. சந்தை இன்றைய லாபத்துக்கு விலை போடுவதில்லை, நாளைய லாபத்துக்குப் போடுகிறது. தடுப்பூசி வந்தால் கையுறை விலை இறங்கும். எல்லா நிறுவனங்களும் புது ஆலை கட்டினால் இன்னும் இறங்கும். 2020 டிசம்பரில் ஜேபி மோர்கன் நிறுவனம் டாப் குளோவ் பங்கின் விலை 3.50 வெள்ளிக்கு இறங்கும் என்று அறிக்கை விட்டது. அப்போது பங்கு ஆறு வெள்ளியை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது. புலனக் குழுக்களிலும் டெலிகிராமிலும் கொந்தளிப்பு. வெளிநாட்டுக்காரன் நம்மைப் பயமுறுத்தி மலிவாக வாங்கப் பார்க்கிறான் என்றார்கள். மார்ச் மாதம் நிறுத்திவைக்கப்பட்ட ஷார்ட் செல்லிங், அதாவது இரவல் வாங்கி விற்கும் முறை, 2021 சனவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் முதல் நாளே கையுறைப் பங்குகள் சரிந்தன. அந்த மாதக் கடைசியில் அமெரிக்காவில் கேம்ஸ்டாப் பங்கை வைத்துச் சிறு முதலீட்டாளர்கள் வால்ஸ்திரீட் நிதியங்களைக் கதிகலங்க வைத்தபோது, இங்கேயும் கையுறையைத் தூக்கி நிறுத்துவோம் என்று அழைப்பு விட்டார்கள். ஓரிரு நாள் ஏறியது, அவ்வளவுதான். 2022-ல் டாப் குளோவ் ஒரு வெள்ளிக்கும் கீழே போனது. 2023 நிதியாண்டில் அந்த நிறுவனம் 90 கோடி வெள்ளிக்கும் மேல் நட்டம் காட்டியது.

இங்கே தொழில்முறையாளர் எதில் ஜெயித்தார்? அவர்களுக்குள்ளும் ஒற்றுமை இருக்கவில்லை. உள்ளூர் ஆய்வாளர்கள் பலர் அந்த நேரம் உயர்ந்த இலக்கு விலைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவர், தன் கணக்கு தப்பாகப் போனால் எங்கே விற்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தவர். தனி மனிதரிடம் அந்தக் காகிதம் இருக்கவில்லை. ஒன்பது வெள்ளிக்கு வாங்கியவர் ஏழில் இன்னும் கொஞ்சம் வாங்கினார், ஐந்தில் இன்னும் கொஞ்சம். சராசரி விலை குறைந்தது, நட்டம் கூடியது. அதற்கு மார்ஜின் கடன் வாங்கியவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். விலை ஓர் எல்லைக்குக் கீழே போனால் தரகு நிறுவனம் கேட்டுக்கொண்டிருக்காமல் பங்கை விற்றுவிடும். கடன் வாங்கியவருக்குக் காத்திருக்கும் உரிமை கிடையாது.

வேகத்தில் போட்டிபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகளும் இதில் இருப்பார்கள். இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனி மனிதர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய், ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம் ரூபாய். அவர்கள் இழந்துகொண்டிருந்தபோது, 2024 நிதியாண்டில் மட்டும், சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் செலவு கழிக்காமல் சுமார் 33,000 கோடி ரூபாயும், வெளிநாட்டு நிதியங்கள் 28,000 கோடி ரூபாயும் லாபம் எடுத்தன. அந்த லாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கணினி நிரல் வழி நடந்த வணிகத்தில் வந்தது. மனிதர் பொத்தானை அழுத்துவதற்குள் இயந்திரம் வாங்கி விற்று முடித்துவிடுகிறது. இதற்குப் பெயர் போட்டியில்லை.

சாதாரணப் பங்கு வணிகத்திலும் அடிக்கடி கைமாற்றுபவர் கையைச் சுட்டுக்கொள்கிறார். அமெரிக்கப் பேராசிரியர்கள் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் 66,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளை அலசினார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு தந்த காலம் அது. அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்ததோ 11.4 விழுக்காடு. தரகும் அவசரமும் மீதியைத் தின்றுவிட்டன. இங்கே புர்சாவிலும் வாங்கும்போது தரகு, முத்திரை வரி, தீர்வகக் கட்டணம். விற்கும்போது மறுபடியும் அதே மூன்றும்.

அப்படியானால் எல்லாப் பணத்தையும் தொழில்முறையாளர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் தீராத கேள்விதான். வாரன் பஃபெட் 2008-ல் பத்து லட்சம் டாலர் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். எஸ்&பி 500 குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு மலிவான நிதியம், கெட்டிக்கார மேலாளர்களைப் பொறுக்கியெடுக்கும் ஐந்து ஹெட்ஜ் நிதியக் கூட்டுகளைப் பத்தாண்டில் மிஞ்சும் என்றார். 2017 முடிவில் குறியீட்டு நிதியம் 125 விழுக்காடு வளர்ந்திருந்தது. எதிர்த்தரப்பின் ஐந்தில் மிகச் சிறந்ததே 90 விழுக்காட்டைத் தொடவில்லை. மேலாளர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கட்டணத்தைக் கழித்தபின் முதலீட்டாளருக்கு மிஞ்சியது கொஞ்சம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, அமெரிக்கப் புத்தகங்கள் சொல்வதுபோல் குறியீட்டை வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்கு என்று பாரிட் புந்தாரில் இருப்பவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேஎல்சிஐ 2018 ஏப்ரல் 19-ஆம் தேதி 1,895 புள்ளிகள் என்ற உச்சத்தில் முடிந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2025 ஏப்ரலில் அது 1,400-க்குப் போய் நின்றதைப் பார்த்தோம். நிறுவனங்கள் தந்த ஈவைச் சேர்த்தாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. நம் குறியீட்டில் வங்கிகளும் செம்பனையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும்தான் நிறைந்திருக்கின்றன. அமெரிக்கக் குறியீட்டை உயரத் தூக்கிய மாதிரி நிறுவனங்கள் நம்மிடம் இல்லை. இதே காலத்தில் ஊழியர் சேமநிதி ஆண்டுதோறும் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தந்தது, 2024-க்கு 6.3 விழுக்காடு. 2024 முடிவில் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் கோடி வெள்ளியை நிர்வகித்த அந்த நிதி, தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் வைத்திருப்பது இதற்கு முக்கியக் காரணம்.

சேமநிதியில் கணக்குள்ள ஒவ்வொருவருக்கும் உலகத் தரத்தில் ஒரு தொழில்முறை மேலாளர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார். கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா உள்ளிட்ட திட்டங்களில் 14,500 கோடி வெள்ளி அந்த நிதியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. பசிக்கு எடுத்தவரைக் குறை சொல்ல நாக்கு கூசும். ஆனால் அந்தப் பணத்தை எடுத்து உச்ச விலையில் கையுறை வாங்கியவர்களும் இருந்தார்கள். தனக்காக உழைத்துக்கொண்டிருந்த தொழில்முறையாளரிடமிருந்து பணத்தைப் பிடுங்கி, தன்னை எதிர்த்து நின்ற தொழில்முறையாளரிடம் கொடுத்ததற்குச் சமம் அது.

தனி மனிதருக்கு என்று ஒரு பலமும் இல்லையா? இருக்கிறது, அதைத்தான் அவர் பயன்படுத்துவதில்லை. நிதிய மேலாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து நிதியம் ஏறும்போது தன்னுடையது படுத்திருந்தால் வேலை போகும். முதலீட்டாளர்கள் பயந்து பணம் கேட்டால், விற்கக் கூடாத நாளில் விற்க வேண்டும். சொந்தப் பணத்தில், கடனில்லாமல் பங்கு வாங்கியவரை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்த முடியாது. பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடம் எதுவும் வாங்காமல் சும்மா இருக்கலாம். அந்தச் சும்மா இருக்கும் உரிமை கோலாலம்பூரின் உயரமான கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்குக் கிடைக்காத பாக்கியம்.

தொழிலைப் பக்கத்திலிருந்து பார்ப்பது இன்னொரு பலம். பத்து காவானில் சிப் சோதனை இயந்திரத்தோடு பழகும் தொழில்நுட்பர், எந்தப் பொருளுக்குக் கிராக்கி கூடுகிறது என்பதை ஆய்வறிக்கை எழுதுபவருக்கு முன்பே தொழிலின் போக்கில் உணர்வார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் குலை எவ்வளவு வருகிறது என்று தெரியும். பொதுவான இந்தத் தொழிலறிவு சொத்து. ஆனால் ஒரு எச்சரிக்கை: வெளியே அறிவிக்கப்படாத நிறுவன ரகசியத்தை வைத்து அந்த நிறுவனத்தின் பங்கை வாங்குவதும் விற்பதும், அடுத்தவருக்குச் சொல்வதும் 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டப்படி குற்றம். பத்தாண்டு வரை சிறை, குறைந்தது பத்து லட்சம் வெள்ளி அபராதம். “எங்க கம்பெனி உள்விஷயம்” என்று புலனத்தில் போடும் தம்பிகள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

புலனம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது தனி மனிதரிடம் அதிகம் பறிப்பவர் நிதிய மேலாளரும் இல்லை, கணினி நிரலும் இல்லை. பிரபலங்களின் படத்தை ஒட்டி, மாதம் முப்பது விழுக்காடு லாபம் என்று குழு நடத்தும் மோசடிக்காரர். அங்கே வாங்குவதற்குப் பங்கே கிடையாது, திரையில் ஏறுகிற எண் மட்டும்தான். மைக்கா காலத்தில் தலைவர் முகத்தை நம்பினோம். இப்போது முகமே தெரியாதவரை நம்புகிறோம். பங்கு ஆணையம் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றைத் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு இன்று வழியும் இருக்கிறது. 2000-ல் ஊழியர் சேமநிதியும் மற்ற பெரிய நிதிகளும் சேர்ந்து சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்பு அமைப்பை உருவாக்கின. நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே அது தன் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கிறது. ஒரு லாட் வைத்திருந்தாலும் நீங்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரலாம், இயக்குநர் சம்பளம் ஏன் கூடியது என்று கேட்கலாம், ஓட்டுப் போடலாம். பல கூட்டங்களில் இணையம் வழியாகவும் கலந்துகொள்ள முடிகிறது.

உங்களிடம் இன்று எந்த நிறுவனத்தின் பங்கு இருந்தாலும், அதன் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்ததும் தூக்கிப் போடாதீர்கள். ஆண்டறிக்கையைத் திறந்து, பணம் எங்கே போனது என்ற பக்கத்தை முதலில் பாருங்கள். விளங்காத ஒரு கேள்வியையாவது எழுதி அனுப்புங்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள். சேமநிதிப் பணத்தில் கை வைக்குமுன் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள். பாட்டியின் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் ஏதும் கிடந்தால், அது என்ன ஆயிற்று என்று அந்த நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.